சனி ராத்திரிக்கு ஒரே ஒரு படம்: நடிப்புக்காகப் பார்ப்பதென்றால் எதைப் போடலாம்?

சனிக்கிழமை ராத்திரி எட்டரை. தோசை முடிந்து, தட்டு கழுவியாகிவிட்டது. ரிமோட் கைமாறிக்கொண்டே இருக்கிறது. டிரெய்லர் டிரெய்லராகப் பார்த்தே முக்கால் மணி போகிறது. கடைசியில் யாரோ ஒருவர் பழைய காமெடி சீனைப் போட, பாதிப்பேர் தூங்கிவிடுகிறார்கள்.

"நடிப்பு நல்லா இருக்கிற, கொஞ்சம் கனமான படமா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால் இப்போது திரும்பத் திரும்பக் காதில் விழும் பெயர்கள் ஐந்து: பார்க்கிங் (2023), கொட்டுக்காளி (2024), மெய்யழகன் (2024), டூரிஸ்ட் ஃபேமிலி (2025), 3 பிஎச்கே (2025). ஐந்துமே பார்க்கத் தகுந்தவைதான். சிக்கல், ஐந்தும் ஐந்து ரகப் படங்கள். ஆள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் ஹாலில் கொட்டுக்காளியைப் போட்டால் இருபதாவது நிமிடம் எல்லார் கையிலும் போன் இருக்கும். தனியாக இருக்கும் ராத்திரியில் டூரிஸ்ட் ஃபேமிலியைப் போட்டால் பாதிச் சிரிப்பு வீணாகப் போகும். அதனால் "எது சிறந்தது" என்று கேட்காமல் "இன்று ராத்திரி, இந்த ஆட்களோடு, எது" என்று கேட்பதுதான் நியாயம். முடிவுக் காட்சிகளை இங்கே உடைக்கவில்லை.

## எதை வைத்து அளப்பது

கேட்கும்போது நடிகர் என்ன செய்கிறார். வசனம் பேசும்போது நடிகருக்கு எழுத்தாளர் துணை இருக்கிறார், எடிட்டர் துணை இருக்கிறார். எதிராளி பேச, இவர் சும்மா நிற்கிற ஷாட்டில்தான் தனியாக மாட்டுகிறார். ஒரு எளிய சோதனை: ஏதாவது ஒரு காட்சியை இரண்டு நிமிடம் ஒலியில்லாமல் ஓட்டிப் பாருங்கள். யாருக்கு யார்மேல் கோபம், யார் எதை மறைக்கிறார் என்பது முகத்திலும் தோளிலும் தெரிந்தால் அது நடிப்பு. ஒன்றும் புரியவில்லை என்றால் இதுவரை வசனம்தான் நடித்துக்கொண்டிருந்தது.

குரல். நம் படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்பு முடிந்தபின் டப்பிங் தியேட்டரில் குரல் சேர்க்கிறார்கள். உதடு பொருந்திவிடும், மூச்சு பொருந்தாது. வெயிலில் ஓடிவந்தவன் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்பது இதனால்தான். வட்டார வழக்கும் இங்கேதான் பல்லிளிக்கும்: முதல் காட்சியில் அழகாக வரும், ஆத்திரக் காட்சியில் நடிகரின் சொந்த ஊர் எட்டிப் பார்க்கும்.

இசை எவ்வளவு முட்டுக்கொடுக்கிறது. வயலின் அழுவதால் நமக்கு அழுகை வருகிறதா, முகத்தைப் பார்த்து வருகிறதா?

வீட்டு நிலவரம். எத்தனை மணி நேரம், யார் யார் கூட இருக்கிறார்கள், படம் முடிந்தபின் வீட்டில் என்ன பேச்சு கிளம்பும். இந்தக் கடைசிச் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

விருது, உடல் எடை ஏற்றியது, இறக்கியது, எத்தனை சொட்டுக் கண்ணீர் போன்றவற்றுக்கு இங்கே மதிப்பெண் இல்லை.

| படம் | நீளம் (சுமாராக) | எதைக் கவனிக்கலாம் | இசையின் முட்டு | மறைமுகச் செலவு | யாரோடு |
|---|---|---|---|---|---|
| கொட்டுக்காளி | 1 மணி 45 நிமிடம் | சூரியின் தொண்டை, அன்னா பென்னின் மௌனம் | அறவே இல்லை | "அவ்வளவுதானா?" என்ற கேள்வி | தனியாக, அல்லது இருவராக |
| பார்க்கிங் | 2 மணி 10 நிமிடம் | எம்.எஸ்.பாஸ்கர் அவமானத்தை விழுங்கும் விதம் | மிதம் | பக்கத்து வீட்டுக்காரர் நினைவுக்கு வருவார் | கணவன் மனைவி, நண்பர்கள் |
| மெய்யழகன் | 2 மணி 40 நிமிடம் | அரவிந்த்சாமி கேட்கும் முகம் | உண்டு, அடக்கமாக | நேரம், சொந்தபந்த ஏக்கம் | அப்பா, அம்மா, பெரியப்பா |
| டூரிஸ்ட் ஃபேமிலி | 2 மணி 10 நிமிடம் | சின்னப் பையன் கமலேஷ் | தாராளம் | கதையின் அதிகப்படி இனிப்பு | குழந்தைகளோடு எல்லாரும் |
| 3 பிஎச்கே | 2 மணி 20 நிமிடம் | சரத்குமாரின் தோல்வி முகம் | தாராளம் | வீட்டுக்கடன் விவாதம் | வேலைக்குப் போகும் பிள்ளைகள், பெற்றோர் |

## கொட்டுக்காளி

நடிப்பு ஒன்றையே அளவாக வைத்தால் ஐந்தில் இதுதான் முதல். ஆனால் முதலில் பார்க்க வேண்டிய படம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கியது. 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிட்டு, ஆகஸ்ட் 23 அன்று இங்கே வெளியானது. கதை ஒரு வரிதான். வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாக முடிவுகட்டி, அவளைக் கட்டிக்கொள்ளவிருக்கும் பாண்டியும் சொந்தக்காரர்களும் ஒரு ஆட்டோவிலும் சில பைக்குகளிலும் சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். கூடவே காலைக் கட்டிய ஒரு சேவல்.

சூரியை நாம் முதலில் அறிந்தது எதனால்? மடமடவென்று கொட்டும் அந்தப் பேச்சால். அதைத்தான் இயக்குநர் முதலில் பிடுங்கிக்கொள்கிறார். பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு பூசியிருக்கிறது. வருவது கரகரப்பு மட்டும். ஆத்திரம் வந்தால் கத்த வேண்டும், கத்தினால் குரல் உடைகிறது. அதனால் கோபம் வேறு வழி தேடுகிறது: தாடைக்குப் போகிறது, பைக்கைப் பிடித்திருக்கும் கைக்குப் போகிறது, கடைசியில் ஒரு இடத்தில் அடியாக வெளியே வருகிறது. வழியில் ஒலிபெருக்கியில் வரும் பாட்டுக்கு மீனாவின் உதடு லேசாக அசைகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. அதற்கப்புறம் பாண்டி ஆடும் ஆட்டத்தில் பெண், பெரியவர் என்று யாரும் தப்புவதில்லை. அந்த அடிதடி திடீரென்று முளைத்ததாகத் தெரியாமல், முந்தைய அரைமணி நேரமாக அவர் தொண்டைக்குள் அடைத்து வைத்திருந்தது வெடித்ததாகத் தெரிகிறது பாருங்கள், அங்கேதான் நடிகர் சூரி ஜெயிக்கிறார்.

அன்னா பென்னுக்குப் படம் முழுக்கப் பேச்சு கிட்டத்தட்ட இல்லை. மௌனமான கதாபாத்திரம் கிடைத்தால் நம் நடிகைகள் பலர் முகத்தில் சோகத்தை அப்பிக்கொள்வார்கள். இவர் அதைச் செய்யவில்லை. மீனாவின் முகத்தில் இருப்பது பிடிவாதம், கொஞ்சம் அலட்சியம், இவர்கள் கூத்தையெல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்ட களைப்பு. கொட்டுக்காளி என்ற தலைப்பின் அர்த்தமே பிடிவாதக்காரி என்பதுதானே.

நடுவழியில் ஒரு காளை பாதையை மறித்து நிற்கிறது. இத்தனை மீசைகளும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்த நேரத்தில் பின்னால் நிற்கும் ஆண்களின் முகங்களைப் பாருங்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பின்னணி இசை கிடையாது. இடத்தின் சத்தம்தான் எல்லாம்: ஆட்டோ எஞ்சின், பறவை, காற்று. இதில் ஒரு நடைமுறைக் கஷ்டம் இருக்கிறது. சென்னையில் ஃபேனை ஐந்தில் வைக்காமல் ஹாலில் உட்கார முடியாது. ஐந்தில் வைத்தால் இந்தப் படத்தின் பாதி ஒலி ஃபேன் காற்றோடு போய்விடும். பக்கத்தில் குக்கர் விசில் வேறு. ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஊர் அடங்கியபின் பாருங்கள்.

முடிவு திறந்தே விடப்பட்டிருக்கிறது. கூட உட்கார்ந்தவர் "இதுக்குத்தான் இவ்ளோ நேரமா?" என்று எழுந்துபோக எல்லா வாய்ப்பும் உண்டு. பெண்கள்மீதான வன்முறை நேரடியாகவே வருகிறது. சாமியாரிடம் நடக்கும் ஒரு காட்சி வயிற்றைப் பிசையும். சாதியைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் சண்டையில் முடியும் என்று தெரிந்தால், அந்த வீட்டு ஹாலில் இதைப் போடுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். போட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் சனி ராத்திரி வேண்டாம், ஞாயிறு மதியம்.

## பார்க்கிங்

சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இந்தப் படத்துக்கு முன்னுரை தேவையில்லை. மாடியில் புதிதாகக் குடிவரும் ஐடி இளைஞன் கார் வாங்குகிறான். பத்து வருடமாகக் கீழே குடியிருக்கும் அரசு ஊழியர் இளம்பரிதியின் பைக்குக்கு இடம் இடிக்கிறது. இருப்பது ஒரு கார் நிற்கும் இடம். மீதியை யாரும் எழுதத் தேவையில்லை, தானே எழுதிக்கொள்ளும்.

எம்.எஸ்.பாஸ்கர் இதற்கு 71-வது தேசியத் திரைப்பட விருதுகளில் துணை நடிகர் விருது பெற்றார். 2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவித்தார்கள். சிறந்த தமிழ்ப் படம், திரைக்கதை விருதுகளும் இதே படத்துக்கு வந்தன. விருதுக்கு மதிப்பெண் இல்லை என்று மேலே சொன்னது சொன்னதுதான். ஆனால் அவர் எதைச் செய்து வாங்கினார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பல வருடம் டப்பிங் கலைஞராக இருந்தவர் அவர். குரலை என்ன வேண்டுமானாலும் செய்யக்கூடியவர். இங்கே பல இடங்களில் அந்தக் குரலைப் பாதியில் நிறுத்துகிறார். வாக்கியம் முடியும் முன்பே வாய் மூடிக்கொள்கிறது. மீதிக் கோபத்தைக் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள கண்கள் சுமக்கின்றன. நேர்மையாக, சிக்கனமாக வாழ்ந்து ஓய்வுபெறப்போகும் மனிதர் ஒரு பொடியன் முன்னால் மதிப்பிழப்பதைத் தாங்க முடியாமல் போகிறார். தப்பு செய்கிறோம் என்று தெரிந்தே செய்கிற முகம் அது. வில்லனாக ஆக்கியிருந்தால் சுலபம். அவர் ஆக்கவில்லை.

ஹரீஷ் கல்யாண் எதிரில் ஈடுகொடுக்கிறார் என்றுதான் சொல்ல முடியும், மிஞ்சவில்லை. அதைவிட, இரண்டு வீட்டுப் பெண்களையும் கவனியுங்கள். கர்ப்பிணி மனைவியாக இந்துஜா, இளம்பரிதியின் மனைவியாக ரமா. ஆண்கள் முறுக்கிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் சண்டை எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதை இவர்கள் முகம்தான் அளந்து காட்டுகிறது.

குறை: இரண்டாம் பாதியில் இருவரும் ஒருவரை ஒருவர் அழிக்கப் போடும் திட்டங்கள் கைமீறிப் போகின்றன. நடிப்பு தாங்கிப் பிடிப்பதால் படம் விழவில்லை, ஆனால் "இவ்வளவுமா?" என்று தோன்றும். செலவு என்று பார்த்தால், உங்கள் அடுக்ககத்தில் இப்போதே பார்க்கிங் தகராறு ஓடிக்கொண்டிருந்தால் இது பொழுதுபோக்காக இருக்காது, இரத்த அழுத்தம்தான் ஏறும். மற்றபடி ஐந்தில் எல்லாருக்கும் பிடிக்கும் வாய்ப்பு இதற்குத்தான் அதிகம், வேகமும் இதில்தான் அதிகம்.

## மெய்யழகன்

ச.பிரேம்குமார் இயக்கியது; 2024 செப்டம்பர் 27 வெளியீடு. 1996-ல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து குடும்பத்தோடு கிளம்பியவர் அருள்மொழி. இருபத்திச்சொச்ச வருடம் கழித்து, தங்கை முறையாகும் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் போகிறார். போனோமா, தலையைக் காட்டினோமா, கடைசி பஸ்ஸைப் பிடித்தோமா என்று இருக்க நினைக்கிறார். அங்கே ஒருவன் "அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் இவருக்கு நினைவில்லை. கேட்கவும் கூச்சம்.

படம் முழுக்க அவனாக வரும் கார்த்தி பேசுகிறார், அருள்மொழியாக வரும் அரவிந்த்சாமி கேட்கிறார். அதனால் படம் பார்த்த பலர் கார்த்தியைப் பாராட்டினார்கள். கஷ்டமான வேலை அரவிந்த்சாமியுடையது. ஒவ்வொரு சிரிப்பிலும் இரண்டு அடுக்கு வைக்க வேண்டும்: மேலே மரியாதை, அடியில் "இவன் யாருடா" என்ற பதற்றம். ராத்திரி போகப்போக அந்த அடியடுக்கு குற்ற உணர்ச்சியாக மாறுகிறது. ஒரு காட்சியில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக, காபியில் சர்க்கரை கரைவதுபோல. மேடையில் தங்கைக்கு நகை அணிவிக்கும் காட்சியில் அழாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அதைவிட நுட்பமானது, கல்யாண வீட்டில் ஒரு பெண் வந்து, உங்களையே கட்டியிருந்தால் என் வாழ்க்கை வேறுமாதிரி இருந்திருக்குமே என்கிற தொனியில் பேசிவிட்டுப் போகும் சின்னக் காட்சி. அவர் பதில் சொல்வதில்லை. சொல்ல முடியாதது முகத்தில் நிற்கிறது.

கார்த்தி எடுத்திருக்கும் ஆபத்தும் பெரிது. ஓயாமல் பாசம் பொழிகிறவன் திரையில் ஒரு எல்லைக்கு மேல் நச்சரிப்பான். சில இடங்களில் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டே திரும்புகிறார். ஊர் வரலாறு, ஜல்லிக்கட்டு என்று நீளும் நடுப்பகுதி அப்படியானது. முதலில் ஏறக்குறைய 3 மணி நேரத்துக்கு வெளியிட்டு, சில நாட்களிலேயே 18 நிமிடத்துக்குமேல் வெட்டினார்கள். வெட்டியபின்னும் நீளம்தான்.

பத்து மணிக்குப் போட்டால் பன்னிரண்டே முக்கால் ஆகிவிடும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் அந்த ஒரே ராத்திரியின் இறுக்கம் போய்விடும். ஏழு மணிக்கே ஆரம்பியுங்கள். பூர்வீக வீடு கைவிட்டுப் போன பெரியவர்கள் கூட இருந்தால் பக்கத்தில் ஒரு துண்டும் வைத்துக்கொள்ளுங்கள், படம் முடிந்ததும் திருவாரூர்ப் பக்கம் யாருக்கோ போன் போகும். டெல்டாவிலிருந்து வந்து மேற்கு மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் தங்கிவிட்டவர்களுக்கு ஐந்தில் இதுதான், யோசிக்கவே வேண்டாம்.

## டூரிஸ்ட் ஃபேமிலி

இலங்கை நெருக்கடியில் படகேறி ராமேஸ்வரம் கரையில் இறங்கி, சென்னைக் காலனி ஒன்றில் அடையாளம் மறைத்துக் குடியேறும் குடும்பம். அபிஷன் ஜீவிந்தின் முதல் படம்; 2025 மே 1 வெளியானது. வாய் திறந்தால் ஈழத்தமிழ் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பேசாதே பேசாதே என்று தடுக்கிறார்கள். நடிகர்களுக்கு இது நல்ல பொறி: இயல்பாகப் பேசவும் வேண்டும், பேசுவதை அடக்கவும் வேண்டும். சசிகுமார் மதுரை முரட்டுத்தனத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடித்திருக்கிறார். ஆனால் வழக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக நிற்கவில்லை. சிம்ரன் அளவோடு செய்திருக்கிறார். இருவரையும் ஓரங்கட்டுகிறவன் இளைய மகனாக வரும் கமலேஷ். அவனுடைய நேரக்கணிப்பைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

இங்கே கெட்டவர்களே கிட்டத்தட்ட இல்லை. காலனியில் எல்லாரும் சீக்கிரமே உருகிவிடுகிறார்கள், ஒரு துக்க வீட்டில் எல்லாரும் ஒன்றுகூடும் காட்சி அழவைக்கிறது, பின்னணி இசையும் நன்றாகவே தள்ளிவிடுகிறது. அகதிகளின் நிஜ நிலை இவ்வளவு சர்க்கரையாக இல்லை என்ற உறுத்தல் உங்களுக்கு வந்தால் அது நியாயமானதே. எட்டு வயதுக் குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் ஒன்றாக உட்காரும் நாளுக்கு வேறு படம் தேட வேண்டாம்.

## 3 பிஎச்கே

சென்னையில் சொந்த வீடு வாங்க வருடக்கணக்கில் பணம் சேர்க்கும் நடுத்தரக் குடும்பம். சேர்ந்ததும் ஒரு செலவு வந்து விழுங்கும். அதற்குள் வீட்டு விலை இன்னொரு படி ஏறியிருக்கும். இயக்கியவர் ஸ்ரீ கணேஷ். 8 தோட்டாக்கள் படத்தில் எம்.எஸ்.பாஸ்கருக்குப் பெரிய இடம் கொடுத்தவர் இவர்தான்.

சூர்யவம்சம் ஜோடி சரத்குமாரும் தேவயானியும் 1997-க்குப் பின் இப்படி வயதாகி உட்கார்ந்திருப்பதே ஒரு தனி உணர்ச்சி. அதைப் படம் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறது. ஒரு காலத்தில் அடித்தால் ஆள் பறந்த உடம்பை ஒரு தோற்ற அப்பாவின் சட்டைக்குள் சரத்குமார் சுருக்கிவைத்திருக்கிறார். நல்ல வேலை. சித்தார்த் பள்ளிக்கூடப் பையனாகத் தொடங்கி முப்பது தாண்டியவராக முடிக்கிறார். பிந்தைய பாதி கச்சிதம். முந்தைய பாதியில், நாற்பதைத் தாண்டிய வயதில் பள்ளிச் சீருடை போட்டவரைப் பார்க்கிறோம் என்பது மறக்க மாட்டேன் என்கிறது.

படம் முடிந்ததும் "அன்னைக்கே மேடவாக்கத்துல அந்த இடத்தை வாங்கியிருந்தா" என்று யாராவது ஆரம்பிப்பார். அந்தப் பேச்சுக்குத் தயார் என்றால் போடலாம்.

## சேர்க்காதவை

மகாராஜாவில் (2024) விஜய் சேதுபதி நன்றாகச் செய்திருக்கிறார். நகைச்சுவை நடிகராகவே பார்த்துப் பழகிய ஒருவர் அதில் செய்திருப்பது அதைவிடத் திடுக்கிட வைக்கும். ஆனால் அது திரைக்கதை முடிச்சுக்காகப் பார்க்கும் படம், பாலியல் வன்முறையும் உண்டு. வாழையில் (2024) பொன்வேல், ராகுல் என்ற இரண்டு சிறுவர்களும் பெரியவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். அதற்குப்பின் அன்றைக்கு வேறெதுவும் செய்யத் தோன்றாது. லப்பர் பந்து (2024) இந்தப் பட்டியலில் வராததற்கு ஒரே காரணம், வீட்டில் அநேகமாக எல்லாரும் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள் என்பதுதான்.

## போடுவதற்கு முன் டிவியில் இரண்டு வேலை

பல வீடுகளில் நடிப்பைக் கெடுப்பது டிவி. வாங்கும்போதே 'மோஷன் ஸ்மூத்திங்' போட்டுத்தான் வருகிறது. சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் மட்டும் மாறும். வினாடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்துக்கு நடுவே டிவியே பொய்யான பிரேம்களை நுழைப்பதால் முகம் சீரியல்போல வழுக்கிக்கொண்டு தெரியும்; கண் இமைப்பின் கனம் போய்விடும். அதை அணையுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அது ஒன்றே போதும்.

ஒலியில் 5.1 (தியேட்டர்போலப் பல ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலி) தேர்வாகி, டிவி ஸ்பீக்கரில் கேட்டால் வசனம் அமுங்கி இசை மட்டும் அதிரும். ஒலிப் பட்டியலில் சாதாரண தமிழ் ஸ்டீரியோ இருந்தால் அதற்கு மாற்றுங்கள்.

போனில் பார்ப்பவர்களுக்கு: நெட்ஃபிளிக்ஸ் செயலியில் டேட்டா பயன்பாட்டை உச்சத்தில் வைத்தால் 20 நிமிடத்துக்கு 1 ஜிபி போகும், மெய்யழகன் முடிய 8 ஜிபி. தினம் 2 ஜிபி ரீசார்ஜில் கல்யாண மண்டபத்தையே தாண்ட மாட்டீர்கள். 'ஆட்டோமேட்டிக்'கில் 1 ஜிபிக்கு 4 மணி நேரம் வரை ஓடும். வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கே வேண்டாம். மெய்யழகன் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. கொட்டுக்காளியும் 3 பிஎச்கேயும் பிரைமில். பார்க்கிங், டூரிஸ்ட் ஃபேமிலி இரண்டும் ஹாட்ஸ்டாரில். ஒப்பந்தம் முடிந்தால் இடம் மாறும் என்பதால் சந்தா கட்டும் முன் ஒருதரம் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரு சந்தாதான் என்றால் ஹாட்ஸ்டார்: ஒரு ராத்திரி டூரிஸ்ட் ஃபேமிலி, மறுநாள் பார்க்கிங். இரண்டிலும் எம்.எஸ்.பாஸ்கர் இருக்கிறார், முதலில் இளகுகிறவராக, அடுத்து இளக மறுக்கிறவராக. அந்த வரிசையிலேயே பாருங்கள்.